ஒப்பந்தத்தோடு முடியாத கதை

இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டதோடு நின்றுவிடுகிறது; வந்து சேர்ந்தவர்களின் பிற்கால வாழ்க்கையை ஓரிரு வரிகளிலாவது தொட்டிருக்கலாம்.

அப்படி வந்து நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பொங்கல் விடுமுறைக்கு கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடு வந்து சேரும்போதெல்லாம், தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து மலையேறிய கதையை என் அத்தை தொடங்கிவிடுவார். இலங்கை மலையகத்தின் அட்டனும் நுவரெலியாவும்தான் அவருக்கு இன்றும் ‘ஊர்’. தங்களை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு அரசுகள் தங்களைப் பங்கிட்டுக்கொண்டன என்ற கோபமும் அவருக்குத் தணியவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968-இல் வனத்துறையின் கீழ் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமாயிற்று. அதன் தோட்டங்களில் ஒரு பகுதியை மீண்டும் வனத்துறைக்கே ஒப்படைக்க 2022-இல் அரசு முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்றதும் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய முதியவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி மேலும் கூர்மையடைந்தது. காடு மீள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை (யானை வழித்தடங்களின் நடுவில் வாழ்பவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதுமில்லை). ஆனால் நிலத்தை ஒப்படைக்கும் ஆணையுடன் வீட்டுமனைப் பட்டாவும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.