கேன்டோஸ் ஆய்வு சொன்னது அதுவல்ல

“மாரடைப்புக்குக் காரணம் அழற்சிதான், கொலஸ்ட்ராலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று 2017இல் வந்த கேன்டோஸ் ஆய்வே காட்டிவிட்டது” என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல் பாதியில் உண்மை இருக்கிறது, இரண்டாவது பாதி அந்த ஆய்வில் இல்லை.

ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் அழற்சியைத் தணிக்கும் கனாகினுமாப் ஊசியைச் சோதித்தார்கள். 150 மில்லிகிராம் அளவில் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்துச் சுமார் 15 சதவீதம் குறைந்தது, கொலஸ்ட்ரால் இறங்காமலேயே. பெரிய விஷயம்தான். (உயிர்பறிக்கும் தொற்று சற்றுக் கூடியதையும் யாரும் பகிர்வதில்லை.) ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அப்போதே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஊசியின் பலன் மாத்திரையின் பலனுக்கு மேல் கிடைத்தது, அதற்குப் பதிலாகக் கிடைத்ததல்ல.

அழற்சியும் கொலஸ்ட்ராலும் தனித்தனிக் கதையும் அல்ல. ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் துகள்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள், விழுங்கி விழுங்கி நுரை போல உப்பி அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. அழற்சி மூள்வது அங்கேதான்.

சரிபார்க்க, பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடல் தளத்தில் மருந்தின் பெயரையும் ஆய்வின் பெயரையும் ஆங்கிலத்தில் (canakinumab CANTOS) அடித்துத் தேடுங்கள், சுருக்கம் இலவசம். முழுக் கட்டுரை கிடைத்தால் முதல் அட்டவணையில் ஸ்டேட்டின் வரியைப் பாருங்கள்.