ஆறாம் நாள் இரட்டிப்பும் காணிக்கைக் கவரும்

அந்த கன்வென்ஷன் வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் "ஆமென்" மழையோடு வந்துவிட்டது. பிரசங்கியார் முழங்குகிறார்: "ஆறாம் நாள் மன்னா இரட்டிப்பாய் விழுந்தது, கீழ்ப்படிந்து கொடுப்பவனுக்கு இரட்டிப்பு!" அடுத்த நிமிடமே கவர் சுற்றுகிறது.

ஐயா, எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் கடவுள் வானத்திலிருந்து கொடுத்த உணவுதான் மன்னா. அதைச் சொல்லும் பைபிள் அதிகாரமான யாத்திராகமம் 16-ஐ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு நாளுக்கு ஒரு ஓமர். அது எப்பா என்ற பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு, நம் அளவில் சுமார் 2 லிட்டர். ஐந்து நாள் ஒவ்வொரு ஓமர், ஆறாம் நாள் இரண்டு, ஏழாம் நாள் ஒன்றுமில்லை. மொத்தம் 7 ஓமர். சாப்பிட வேண்டியதும் 7 நாள். இதில் எங்கே லாபம்? சனிக்கிழமைச் சாப்பாட்டை வெள்ளிக்கிழமையே கொடுத்தார், அவ்வளவுதான். ஓய்வுநாளில் யாரும் பொறுக்கப் போகக் கூடாது என்பதற்கு ஏற்பாடு. யூத வீடுகளில் இன்றும் ஓய்வுநாள் மேசையில் இரண்டு ரொட்டி வைப்பது இதை நினைத்துத்தான்.

மன்னா கீழ்ப்படிந்ததற்குக் கூலி இல்லை. எகிப்தை விட்டு ஒரு மாதம் ஆனதும், இறைச்சிச் சட்டியை நினைத்து சீன் வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களுக்குக் கொடுத்தது அது. சீனாய் மலையும் பத்துக் கட்டளையும் அதற்கு அப்புறம். கேட்ட கீழ்ப்படிதலெல்லாம் மன்னாவைச் சேர்க்கிற விதத்தில்தான். வெயில் ஏறினால் உருகிவிடும், காலையிலேயே பொறுக்கு. கூடாரத்தில் எத்தனை பேரோ அத்தனை ஓமர். விடியும்வரை மீதி வைக்காதே. வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் சுடுவதைச் சுட்டு, வேகவைப்பதை வேகவைத்து, மீதியை எடுத்து வைத்தால் கெடவில்லை.

மீறியவர்களுக்கு என்ன ஆயிற்று? அவர்களை நடத்திவந்த மோசேக்குக் கோபம் வந்தது. ஏழாம் நாள் பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மன்னா நிற்கவில்லை. பொன் கன்றுக்குட்டி செய்து தெய்வமென்று கும்பிட்டபோதுகூட நிற்கவில்லை என்று நெகேமியா 9 வெளிப்படையாகவே சொல்கிறது. 40 வருடம் கழித்து, கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள்தான் நின்றது. மறுபடியும் சொல்கிறேன், கூலி இல்லை.

"உபாகமம் 28 படிக்கவில்லையா?" என்பீர்கள். படித்திருக்கிறேன். கீழ்ப்படிந்தால் களஞ்சியம் நிறையும் என்று இருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மோவாபில் ஒரு முழு ஜனத்தோடு பேசிய உடன்படிக்கை அது. உங்கள் வீட்டு லோனைப் பற்றியது அல்ல. அதே புத்தகத்தின் 8-ஆம் அதிகாரம், மன்னா கொடுத்தது சிறுமைப்படுத்திச் சோதிக்க என்கிறது. அதை யாரும் பேனரில் போடுவதில்லை.

"தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும் என்கிற மல்கியா 3:10?" சரி, ஐந்து வசனம் மேலே ஏறுங்கள். கூலிக்காரன், விதவை, திக்கற்ற பிள்ளை இவர்களை ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாக அங்கே கர்த்தரே சாட்சி சொல்ல வருகிறார். உபாகமம் 14-இல் மூன்றாம் வருடத் தசமபாகம் ஊர் வாசலுக்குள் வைக்கப்பட்டது. சொந்த நிலப்பங்கு இல்லாத லேவியனும் அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் வயிறாரச் சாப்பிட. எல்.இ.டி. திரைக்கு அல்ல.

"ஊழியக்காரரைக் குறை சொல்லாதே" என்பவர்களுக்கு: சரிங்க.

"உனக்கு விசுவாசம் இல்லை" என்று போன பதிவில் எழுதினீர்கள். வலித்தது. என்னை விடுங்கள். அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் அம்மா ஒருவர் இருந்திருப்பாரே, அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? தன் வறுமை தன் கீழ்ப்படியாமை என்றுதானே? பஸ் காசையும் கவரில் போட்டிருப்பார். மன்னாவின் அந்த யாத்திராகமம் 16-லோ அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. அப்போஸ்தலன் பவுல் இந்த வசனத்தை எடுத்ததே எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டும்போதுதான். 2 கொரிந்தியர் 8, போய்ப் பாருங்கள்.

கர்த்தருடைய சந்நிதியில் வைக்கச் சொன்ன மன்னா எவ்வளவு தெரியுமா? ஒரு பாத்திரத்தில் ஒரே ஓமர். ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாடு. பின்வரும் தலைமுறை பார்ப்பதற்காக. அதை அங்கே வைத்த மோசேயின் அண்ணன் ஆரோன் அதில் ஒரு பிடி எடுத்ததாகக்கூட எழுதியிருக்கவில்லை.