பெய்தால், பெய்திருந்தால்

(நாளை ஆங்கிலத் தேர்வு. தம்பிக்குப் பத்தாம் வகுப்பு. அக்கா கல்லூரிக்காரி என்பதால் வீட்டில் சம்பளமில்லாத டியூஷன் டீச்சரும் அவள்தான். மேசை மேல் கண்டிஷனல், அதாவது 'இஃப்' போட்டு 'இது நடந்தால் அது நடக்கும்' என்று சொல்லும் வாக்கியங்களின் பயிற்சித் தாள்.)

அக்கா: முதல் கேள்வி. இஃப் யூ ஹீட் ஐஸ், இட்... கோடிட்ட இடம்.

தம்பி: இட் மே மெல்ட்.

அக்கா: சூடு பண்ணினால் உருகலாமா வேண்டாமா என்று ஐஸ் யோசிக்குமா? இட் மெல்ட்ஸ். எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்றால் இரண்டு பக்கமும் நிகழ்காலம். இதுதான் ஜீரோ கண்டிஷனல்.

தம்பி: ஓ! இஃப் ஐ டச் த போன், அம்மா ஷவுட்ஸ்.

அக்கா: (சற்று யோசித்து) முழு மார்க். அடுத்து ஃபர்ஸ்ட் கண்டிஷனல். நடக்க நிஜமாகவே வாய்ப்பு இருக்கிற விஷயம். நீயே ஒன்று சொல்லு.

தம்பி: இஃப் இட் வில் ரெயின் டுமாரோ, த ஸ்கூல் வில் க்ளோஸ்.

அக்கா: ஆசை சரி, வாக்கியம் தப்பு. இஃப் இருக்கிற பக்கம் வில் வராது. இஃப் இட் ரெயின்ஸ்.

தம்பி: நாளைக்குப் பெய்யப் போகிற மழைக்கு எதற்கு அக்கா நிகழ்காலம்? அநியாயமாக இல்லை?

அக்கா: நீ மட்டும் என்ன நியாயம் பண்ணுகிறாய்? 'நாளைக்கு மழை பெய்தால்' என்றுதானே சொல்கிறாய்? பெய்தேன், பெய்தது என்கிற இறந்தகாலத்தில் வருகிற அதே 'பெய்த்'தான் அதிலும் இருக்கிறது. அதோடு 'ஆல்' சேர்த்து நாளைய மழையைப் பேசுகிறாய். இங்கிலீஷ்காரன் நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொண்டான்.

தம்பி: 'பெய்தேன்' யார் சொல்வார்கள், மேகமா?

அக்கா: வாயை மூடு. செகண்ட் கண்டிஷனல். நடக்காத, நடக்கும் என்று நம்பாத கற்பனை. இஃப் பக்கம் இறந்தகாலம், அந்தப் பக்கம் வுட்.

தம்பி: இஃப் ஐ வாஸ் த ஹெட்மாஸ்டர், ஐ வுட் கேன்சல் த எக்ஸாம்.

அக்கா: பேச்சில் வாஸ் என்பவர்கள் உண்டு. தேர்வில் வேர் என்றே எழுது. ஐ வேர், ஹி வேர், எல்லாருக்கும் வேர்.

தம்பி: ஒருத்தருக்கு வேர் என்று சொன்னபோதெல்லாம் திட்டினீர்களே!

அக்கா: அங்கே திட்டுவோம், இங்கே மார்க் போடுவோம். இன்னொன்று, உன் படிப்பைப் பற்றிச் சொல்லு.

தம்பி: இஃப் ஐ ஸ்டடீட், ஐ வுட் பாஸ்.

அக்கா: அப்போ படிப்பதாக எண்ணமே இல்லை?

தம்பி: நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

அக்கா: ஸ்டடீட், வுட் என்றாயே. படிக்கிற உத்தேசம் இருப்பவன் 'இஃப் ஐ ஸ்டடி, ஐ வில் பாஸ்' என்பான். பேசுகிறவனுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை இந்த வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

தம்பி: இங்கிலீஷில் ஒளிய இடமே இல்லை போல. தேர்ட் சொல்லு.

அக்கா: முடிந்துபோனதற்குப் புலம்புவது. இஃப் ஐ ஹேட் ரெட் த லெசன், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்.

தம்பி: இதுதான் எனக்குத் தாய்மொழி! ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் இதைத்தானே சொல்கிறேன். ஆனால் வுட் ஹேவ் பாஸ்ட் என்று இவ்வளவு நீளமா?

அக்கா: ஒப்பாரி நீளமாகத்தான் இருக்கும். இஃப் பக்கம் மட்டும் வுட் ஹேவ் போட்டுவிடாதே, அங்கே ஹேட்தான். அப்புறம் அன்லெஸ்.

தம்பி: அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்.

அக்கா: அன்லெஸ்ஸுக்குள்ளேயே ஒரு 'இல்லை' இருக்கிறது. நீ டோன்ட் வேறு சேர்த்தால், படித்தால்தான் ஃபெயில் ஆவாய் என்று அர்த்தம்.

தம்பி: அதனால்தான் நான் அந்த ரிஸ்க்கே எடுப்பதில்லை.

அக்கா: (தாளைச் சுருட்டி ஓர் அடி) கடைசி விஷயம். இஃப் பகுதி முன்னால் வந்தால் நடுவில் கமா. பின்னால் வந்தால் வேண்டாம். முடிந்தது.

தம்பி: போகட்டும். க்ளாஸில் முதலாவதாக வந்தால் எனக்கு சைக்கிள் கிடைக்கும். அப்பா நேற்றே சொல்லிவிட்டார், அதுவும் இங்கிலீஷில்!

அக்கா: சரியாக என்ன சொன்னார்?

தம்பி: இஃப் யூ கேம் ஃபர்ஸ்ட், ஐ வுட் பை யூ எ சைக்கிள்.

அக்கா: கம் என்றாரா, கேம் என்றாரா?

தம்பி: கேம்.

அக்கா: வில்லா, வுட்டா?

தம்பி: வுட்... (முகம் மாறுகிறது) அக்கா! அது செகண்ட்!

அக்கா: நான் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி: அவருக்கு வாய் தவறியிருக்கும்.

அக்கா: உன் ரேங்க் கார்டில் மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறவர்டா அவர். தவறாது.

தம்பி: பேனாவைக் கொடு. 'இஃப் யூ கம் ஃபர்ஸ்ட் ஐ வில் பை யூ எ சைக்கிள்' என்று எழுதி இப்போதே கையெழுத்து வாங்குகிறேன்.

அக்கா: ஃபர்ஸ்ட்டுக்குப் பக்கத்தில் கமா போடு. இல்லையென்றால் அதைக் காட்டியே செல்லாது என்று சொல்லிவிடுவார்.