மின்சாரத்துக்கும் நேரம் காலம் உண்டு

மின் சிக்கனம் என்றாலே நாம் அளவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். லைட்டை அணை, ஃபேனை நிறுத்து, ஏசியை 24-ல் வை. எல்லாம் சரி, செய்ய வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டில் இன்றைக்கு எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதற்குச் சமமாக எப்போது செலவழிக்கிறோம் என்பதும் முக்கியம் என்று நினைக்கிறேன். பருவநிலை மாற்றத்தைத் தடுக்கத் தகவல் தொழில்நுட்பம் கைகொடுக்கக்கூடிய இடமும் இந்த ‘எப்போது’தான்.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் பகல் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போட்டாலும் இரவு ஏழரைக்குப் போட்டாலும் மீட்டரில் ஏறுவது ஒரே அளவு யூனிட். பகலில் போட்டால் அதில் கமுதி மாதிரியான இடங்களில் விளையும் சூரிய மின்சாரம் கணிசமாக இருக்கும். இரவில் அந்தப் பங்கு சுத்தமாக இல்லாமல் போய், நிலக்கரியின் பங்கு ஏறிவிடும். இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகிடக்கிறது.

மின்சாரத்தை உற்பத்தி செய்கிற அதே நொடியில் யாராவது பயன்படுத்தியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மின் தொகுப்பின், அதாவது மின் நிலையங்களையும் நம் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையின், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து நகரும். அதிகம் நகர்ந்தால் மாநிலம் மாநிலமாக இருட்டாகும். 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு நாடு முழுக்க விளக்கை அணைத்தோமே, நினைவிருக்கிறதா? சில நிமிடங்களில் 31,000 மெகாவாட் தேவை காணாமல் போனது. அன்று தொகுப்பு விழாமல் நின்றதற்குக் காரணம், முன்கூட்டியே கணக்குப் போட்டு நீர்மின் நிலையங்களைத் தயாராக வைத்து, நொடிக்கு நொடி அளவைக் கவனித்து ஏற்றி இறக்கியவர்கள். பருவநிலை மாற்றத்தைத் தடுக்கத் தகவல் தொழில்நுட்பம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அந்தக் கட்டுப்பாட்டு அறைகளைத்தான். காகிதமில்லா அலுவலகம், மரம் நடச்சொல்லி நினைவூட்டும் செயலி எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கணவாய் வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. அவ்வளவு காற்றிலும் சில காற்றாலைகள் சும்மா நிற்கும். பழுதாகி நிற்பவையும் உண்டு. வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ளத் தொகுப்பில் இடமில்லாமல் நிறுத்தச் சொல்லி நின்ற நாட்களும் உண்டு. இடமில்லை என்றால் என்ன அர்த்தம்? அனல்மின் நிலையத்தை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. நம் நாட்டில் வழக்கமாக அதன் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்க மாட்டார்கள். நாளைக்குக் காற்று எவ்வளவு வரும் என்று இன்றே தெரிந்தால்தான் எந்த நிலையத்தை ஓட்டுவது, எதை நிறுத்தி வைப்பது என்று முடிவெடுக்க முடியும். இல்லாவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்தக் கணிப்பு வேலையில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்துக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு. வானிலை மாதிரிகள், காற்றாலைகளிலிருந்து வரும் தரவு, கணினிக் கணக்கு எல்லாம் சேர்ந்து, ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாகப் பிரித்து முன்கூட்டியே சொல்கிறார்கள். கணிப்பு திருந்தத் திருந்த, எரிக்காமல் தப்பும் நிலக்கரி கூடும். நம் ஊர் ஐடி பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு வேலை பக்கத்திலேயே நடப்பது தெரியாது என்பதுதான் என் வருத்தம்.

ஆக, தொகுப்பை நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் கணக்கு இருக்கிறது. மின்வாரியங்கள் மின்சாரம் வாங்கி விற்கும் மின் சந்தையில் விலையும் அப்படித்தான் மாறுகிறது. வெயில் நேரத்தில் யூனிட் இரண்டு மூன்று ரூபாய்க்குக்கூடக் கிடைக்கும். சாயங்காலம் உச்சவரம்பான பத்து ரூபாயைத் தொடும் நாட்களும் உண்டு. வீட்டில் இருக்கும் நமக்கு? இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க ஒருவர் வருவார். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்று தெரியும். தாண்டிவிட்டோமா என்பது பில் வந்த பிறகுதான் தெரியும். எந்த நாள், எந்த நேரம், எந்தச் சாதனம் என்று எதுவும் தெரியாது. இப்படிக் கண்ணைக் கட்டி வைத்துவிட்டுச் சிக்கனமாக இருங்கள் என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

எந்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்று தானாகவே பதிந்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இதை மாற்றும். சென்னை தி.நகர் பகுதியில் சோதனை முயற்சியாக ஒரு லட்சத்துக்கும் மேல் வைத்திருக்கிறார்கள். 2023-இல் மத்திய அரசு நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. அதன்படி வெயில் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைய வேண்டும், எல்லோரும் ஒரே சமயத்தில் மின்சாரம் கேட்கும் உச்ச நேரத்தில் கூட வேண்டும். இந்த யோசனையை நான் ஆதரிக்கிறேன். பெரிய தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் இங்கே பல வருடப் பழக்கம். அவர்களுக்கு இரவு பத்து முதல் காலை ஐந்து வரை 5 சதவீதத் தள்ளுபடி என்பது சோலார் இல்லாத காலத்தில் வந்தது. ராத்திரியில் அனல்மின் நிலையங்களுக்கு வேலை கொடுக்க அது பொருந்தியது. இப்போது தள்ளுபடி போய்ச் சேர வேண்டிய இடம் மத்தியானம்.

மக்களின் பயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 ஆகஸ்டில், கிருஷ்ண ஜெயந்தி அன்று, உத்தரப்பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர்களுக்குப் போன ஒரு தவறான கட்டளையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்தி என் வீட்டை இருட்டாக்க முடியும் என்றால் யாருக்கும் கோபம் வரும். அப்புறம் அந்தரங்கம். அரை மணிக்கு ஒரு முறை வரும் அளவைப் பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறதா, எப்போது தூங்குகிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிடலாம். நெதர்லாந்தில் இந்தக் காரணத்துக்காகவே 2009-இல் மேலவை ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஏற்க மறுத்தது. பிறகு, விருப்பமுள்ளவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். இங்கேயும் அந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மீட்டர் தரவு முதலில் வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று எழுத்தில் வர வேண்டும். இலவச யூனிட்டில் கை வைக்க இந்த மீட்டரைச் சாக்காக்க மாட்டோம் என்பதும் எழுத்தில் வர வேண்டும். வசூலுக்கு மட்டும் பயன்படுகிற ஸ்மார்ட் மீட்டரால் பூமிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இதைவிடப் பெரிய வாய்ப்பு வயலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தில் ஓடும் விவசாய மோட்டார்கள் 20 லட்சத்துக்கும் மேல். மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த இடங்களில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த விவசாயிக்கு, மொபைல் ஸ்டார்டர் எவ்வளவு பெரிய நிம்மதி என்று கேட்டுப் பாருங்கள். கட்டிலில் இருந்தபடியே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். அதே கருவி வெயில் நேரத்தில் தானாக ஓடும்படி வைத்தால், இலவசத்தைத் தொடாமலே, ஒரு ரூபாய் விவசாயியிடம் கேட்காமலே, பெரிய சுமை ஒன்று சாயங்காலத்திலிருந்து பகலுக்கு நகர்ந்துவிடும். மகாராஷ்டிரா 2017-இலிருந்து விவசாயப் பீடர்களுக்கு (வயல்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் மின்பாதைகளுக்கு) அருகிலேயே சோலார் நிலையம் அமைத்துப் பகலில் மின்சாரம் கொடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. நிலத்தடி நீர் குறையுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு ஓடும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம், அதையும் அந்தக் கருவியிலேயே செய்யலாம்.

ஐடி துறையே மின்சாரம் தின்கிறதே என்று கேட்பீர்கள். உண்மை. 2024-இல் உலகத் தரவு மையங்கள், அதாவது இணையச் சேவைகளை இயக்கும் பெரிய கணினிக் கூடங்கள், சுமார் 41,500 கோடி யூனிட் செலவழித்தன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. உலக நுகர்வில் ஏறக்குறைய 1.5 சதவீதம். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது வேகமாக ஏறுகிறது. ஆனால் அவசரமில்லாத கணினி வேலைகளைத் தூய மின்சாரம் அதிகமாக உள்ள நேரத்துக்குத் தள்ளிவைக்கும் முறையைக் கூகுள் 2020-லேயே அறிவித்தது. சென்னையைச் சுற்றி வரிசையாக வரும் தரவு மையங்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக்க வேண்டும். நிலமும் தண்ணீரும் மின்சாரமும் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்க அரசு தயங்கக் கூடாது.

என் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த மணி நேரத்தில் தமிழ்நாட்டு மின்சாரத்தில் காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு என்று மின்வாரியம் தமிழில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடட்டும். பிரிட்டனில் வரப்போகும் இரண்டு நாட்களுக்கே இப்படிப் பகுதி வாரியாகச் சொல்கிறார்கள். மெட்ராஸில் மழை வருமா என்று தனி ஆட்கள் எழுதும் பதிவுகளைப் படித்தே துணி காயப்போடும் ஊர் இது. அந்தத் தரவைக் கொடுத்தால், சலவை இயந்திரத்தை எப்போது போடலாம், ஸ்கூட்டரை எப்போது சார்ஜ் போடலாம் என்று சொல்ல நூறு பேர் முன்வருவார்கள்.

தி.நகர்ப் பக்கம் ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் வீட்டு மணிவாரிக் கணக்கை உங்களால் பார்க்க முடிகிறதா?