சின்ன ஊருக்கு ஏஎம் கட்டுப்படியாகாது, எஃப்எம் கேப்போம்

ஊருக்கு ஊரு சின்னதா ஏஎம் ஸ்டேஷன் (அந்தக்கால மீடியம் வேவ் ரேடியோ) வச்சா கிராமத்துக்கு நல்லதுன்னு எழுதிருக்கீய, ஆசை எனக்கும் உண்டு அண்ணாச்சி, ஆனா செலவை பாக்கணும்லா. நம்ம திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் 250 மீட்டர், ஏஎம் டவர் நல்லா வேலை செய்ய வழக்கமா அதுல கால்வாசி உயரம் வைக்கணும், அதுவே 60 மீட்டரை தாண்டிரும், அடியில சுத்திலும் எர்த்துக்கு செம்புக்கம்பி வேற புதைக்கணும், ஒரு மகளிர் குழுவோ சின்ன டிரஸ்டோ இதுக்கு எங்க போவும்? எஃப்எம்னா 100 வாட், 30 மீட்டர் டவர், அக்கம்பக்கத்து ஊரெல்லாம் கேக்கும். நம்ம நாட்டுல சமுதாய வானொலிக்கு, அதாவது லாபம் பாக்காம ஊர்மக்களுக்காக நடத்துற சின்ன ரேடியோவுக்கு, லைசென்ஸும் எஃப்எம்முக்குத்தான். ஏஎம்ல எல்இடி பல்பு போட்டாலே இரைச்சல், போன்லயும் எடுக்காது.

ஆனா ரேடியோவே வேண்டாம்னு மட்டும் யாரும் சொல்லாதீய. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் கரண்டும் இல்ல போன் சிக்னலும் இல்ல, எந்த ரோடு அத்துப்போச்சு எங்க சோறு கிடைக்கும்னு தெரியாம சனம் எவ்வளவு தவிச்சுது, அன்னைக்கு பேட்டரியில ஓடுற ஒரு உள்ளூர் எஃப்எம் இருந்திருக்கணும். சமுதாய வானொலி சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாதுதான், ஆனா மழை வெள்ளம் ரோடு நிலவரம் சொல்ல தடை கிடையாது. தாமிரபரணி கரை ஊர்க்காரங்க சேர்ந்து முதல்ல அப்படி ஒரு எஃப்எம்முக்கு மனு போடுவோம்.