இலேசான பாடமெண்டால் அந்தப் பூட்டைத் திறந்து விடுங்கோவன்

எழுதக்கூடாது எண்டுதான் ரெண்டு நாள் பேசாம இருந்தனான். அந்த வீடியோவை இப்ப நாலாவது ஆளும் அனுப்பிப் போட்டுது. எந்த வீடியோ எண்டு உங்களுக்குத் தெரியும், பேர் ஊர் வேண்டாம். பத்தாம் ஆண்டுக்குப் போற பிள்ளையளின்ர தாய் தேப்பனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு இருத்தி, "கொம்பியூட்டர் பாடமெண்டது ஏலாத பிள்ளையள் எடுக்கிறது, டைப் அடிக்கிறதுக்கும் ஒரு பாடமோ?" எண்டு கேட்டுச் சிரிச்சாரே ஒரு ஐயா. சனமும் சேர்ந்து சிரிச்சுது. எனக்குச் சுட்டது அந்தச் சிரிப்புத்தான்.

ஐயா கையில வைச்சு வாசிச்ச தாள் பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில கொம்பியூட்டரில அடிச்சது. வீடியோவிலயே தெரியுது. ஆரோ அடிச்சுக் குடுத்திருக்கினம். சரி, விடுவம்.

டைப் அடிக்கிற பாடமாம். ஓ/எல் (சாதாரண தர) தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் புத்தகத்தை ஒருக்கா விரிச்சுப் பாத்தாரோ? துவித எண், பதினறும எண், தரவுத்தளம், பஸ்கால் மொழியில புரோகிராம், தர்க்கப் படலை (லொஜிக் கேற்) எல்லாம் அதுக்குள்ள கிடக்குது. படலை எண்ட உடன வேலிப்படலை எண்டு நினைச்சிட்டார் போல. இலேசுதானே, 'அன்ட்' படலைக்கும் 'ஓர்' படலைக்கும் என்ன வித்தியாசம் எண்டு அவரே சொல்லட்டும்.

நான் இந்தப் பாடம் படிச்ச கதையையும் சொல்லுறன். மனிக் பாம் அகதி முகாமில இருந்து திரும்பி வந்து 2010 இல பத்தாம் ஆண்டு. ஊருக்குக் கரண்ட் வரேல்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இருந்தால் பாடம், இல்லாட்டி இல்லை. ரீச்சர் பிறிஸ்டல் போர்ட்டில கீபோர்ட் கீறிச் சுவரில ஒட்டி வைச்சிருந்தவ. அதில விரல் வைச்சுத்தான் பழகினனாங்கள். எக்செல்லில எண் கூட்டுற சூத்திரத்தை, சமன் அடையாளம், சம், அடைப்புக்குறி, பி2, முக்காற்புள்ளி, பி6 எண்டு தேவாரம் மாதிரிப் பாடமாக்கினன். எக்செல் எண்டதைக் கண்ணால கண்டது அதுக்கும் எட்டு மாசம் கழிச்சு. சோதினையும் தாளில எழுதுறதுதானே, எழுதினன். சீ தரம்தான் வந்தது. ஓம், சீ தான், சிரிக்கிற ஆக்கள் சிரியுங்கோ. அந்தச் சீயை வைச்சுத்தான் இண்டைக்கு கொமியூனிகேசன் கடை போட்டு மூண்டு சீவன் சாப்பிடுது.

உடன ஒருத்தர் வருவார், "வன்னி விவசாய பூமி, பிள்ளையள் விவசாயம் படிக்கட்டும்" எண்டு. படிக்கட்டும், ஆர் வேண்டாம் எண்டது? கொம்பியூட்டரும் விவசாயமும் தெரிவுப் பாடங்களின்ர மூண்டாம் தொகுதிக்குள்ளதான், விருப்பமானதை எடுக்கட்டும். என்ர அப்பாவும் வயல்தான் செய்யிறார். 2023 இல அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசுப் பட்டியலில பேர் இல்லாமல் போக, மேன்முறையீட்டை ஒன்லைனில போட என்னட்டத்தான் வந்தவர். கடை வாசலில வரிசையில நிண்ட மற்ற அப்பாமாருக்கு மகள் கடை வைச்சிருக்கேல்லை.

"எல்லாப் பிள்ளையிட்டையும் போன் இருக்குத்தானே?" இருக்கு. டிக்டொக் நல்லா வரும். ஆனா ஒரு பிடிஎப்பை இமெயிலில இணைச்சு அனுப்பத் தெரியாமல் ஏ/எல் (உயர்தரம்) முடிச்ச பிள்ளை வந்து நிக்குது. பன்னிரண்டாம் ஆண்டில ஜிஐரி (பொதுத் தகவல் தொழினுட்பம்) சோதினை எழுதின பிள்ளை அது.

"உனக்கென்ன, சனத்துக்குத் தெரியாட்டித்தானே உன்ர கடை ஓடும்" எண்டு போன கிழமை ஒருத்தர் கொமென்ட் போட்டவர். வாசிச்சிட்டு அண்டிரவு நித்திரை வரேல்லை. அதில கொஞ்சம் உண்மை இருக்கு, அதாலதான். ஒரு பக்கம் போட்டோக்கொப்பி எடுத்து நான் கோடீஸ்வரி ஆகேல்லை எண்டதை மட்டும் அவருக்குச் சொல்லி வைக்கிறன்.

ஐயா மேடையில சொல்லாத ஒண்டு இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் லாப் இருக்கு. ஏசியும் பூட்டிக் கிடக்கு, கதவும் பூட்டிக் கிடக்கு. திறப்பு விழாவுக்கு நானும் போனனான், கேக்கும் தந்தவை. யூபிஎஸ் பற்றரி எல்லாம் செத்துப் போச்சாம். படிப்பிச்ச சேர் இடமாற்றம் எடுத்து யாழ்ப்பாணம் போய்ட்டார், பதிலுக்கு ஆளில்லை. அவரைப் பிழை சொல்ல மாட்டன், விடிய நாலு மணிக்கு எழும்பி பஸ் ஏறின மனுசன். ஆனா எங்கட இடம் எப்பவும் வந்து அனுபவம் எடுத்துட்டுப் போற இடமாத்தானே கிடக்கு? சேவைக்காலம் முடிய கடிதம் வரும், பெட்டி கட்டுவினம், நாங்கள் மாலை போட்டு படம் எடுப்பம். பிறகு "வன்னிப் பிள்ளையளுக்கு மண்டையில ஏறாது" எண்டு அங்க போய்ச் சொல்லுவினம். ஏறாதாம். படிப்பிக்காமல் எப்பிடி ஐயா ஏறும்?

எங்க துவங்கி எங்கயோ வந்திட்டன், கோவம்தான்.

ஒண்டு சொல்லோணும், இவ்வளவு நாளும் சொல்லேல்லை. கடையில விண்ணப்பம் போட வாற பிள்ளையளுக்கு நான்தான் இமெயில் திறந்து குடுக்கிறனான். பாஸ்வேர்டை மறந்து போவினம் எண்டு ஒரு கொப்பியில எழுதி வைக்கிறனான். அது பிழை எண்டு எனக்கும் தெரியும். போன வருசம் ஒரு பிள்ளைக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லி மெயில் வந்திருக்கு. அதுக்குத் திறந்து பாக்கத் தெரியாது, நானும் பாக்கேல்லை. பதினொரு நாள் கழிச்சு, "அக்கா, ஏதும் வந்ததோ?" எண்டு கேட்டு வந்துது. கொப்பியைப் பிரட்டித் தேடித் திறந்து பாத்தால், திகதி போய்ட்டுது.

அந்தப் பிள்ளை என்னை ஒரு சொல்லும் பேசேல்லை. மெயில் திறந்ததுக்கு எவ்வளவு எண்டு கேட்டுது.

இப்ப மூண்டாவது கொப்பி நடக்குது.