ஏழு வருடம் மலைச்சரிவில் கம்பி கட்டிய பேராசிரியர்

வேலைக்கு ஆள் எடுக்கும் குழு ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்த நண்பர் போன வாரம் புலம்பித் தீர்த்தார். வானியற்பியல் படித்த பெண், கையால் கருவி கட்டத் தெரிந்தவர், ஆனால் நான்கு வருடமாக ஆய்வுக் கட்டுரை எதுவும் வரவில்லை என்று ஓரங்கட்டிவிட்டார்களாம். எந்த நிறுவனம் என்பதை விடுங்கள். எனக்கு உடனே ரேடியோ வானியலாளர், அதாவது வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய்ந்தவர், கோவிந்த் ஸ்வரூப் ஞாபகம்தான் வந்தது.

1961-இல் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், ஊர் திரும்பி வேலை செய்யத் தயார் என்று சேர்ந்து கடிதம் போட்டார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி நடத்திவந்த ஹோமி பாபா, 1962 ஜனவரியிலேயே சரி என்று தந்தி அடித்துவிட்டார். அந்த நால்வரில் ஒருவரான ஸ்வரூப், ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிளம்பி 1963-இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது வயது 34.

பிறகு அவர் கட்டிய ரேடியோ தொலைநோக்கி ஊட்டி முத்தோரையில் இன்றும் நிற்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இதைப் போய் ஏன் சரிவில் வைத்தார் என்பதில்தான் மனிதரின் மூளை தெரியும். ஊட்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த மலையாகத் தேடிப் பிடித்துவிட்டால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும், அப்புறம் வானத்தில் ஒன்றை மணிக்கணக்கில் பின்தொடர ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் போதும். அலைகளைக் குவிக்கும் பரப்பு தகடுகூட இல்லை, 24 சட்டங்களில் இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள். 1970-இல் முடிந்தது. ரேடியோ அலை அனுப்பும் ஒரு வான்பொருளை நிலா மறைக்கும் நொடியைக் குறித்துவைத்து அதன் இடத்தைத் துல்லியமாகச் சொல்வது, இதைக் கட்டியதற்கு முதல் காரணம்.

1963-லிருந்து 1970 வரை ஏழு வருடம். இன்றைய குழுவின் முன்னால் அந்தப் பயோடேட்டாவைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்!

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அதே கஞ்சத்தனத்தை (நான் பாராட்டாகத்தான் சொல்கிறேன்) இன்னும் பெரிதாகச் செய்தார். புனே அருகே நாராயண்காவ் பக்கம் 30 கிண்ண ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம், எல்லாம் கம்பி வலை. மீட்டர் கணக்கில் நீளும் அலைகளுக்கு விரல் நுழையும் ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. காற்றோ உள்ளே புகுந்து வெளியே போய்விடும், அதனால் தாங்கும் சட்டமும் கனமாக இருக்க வேண்டியதில்லை, செலவும் இறங்கும்.

கட்டுரை எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு கருவிகளிலிருந்தும் மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளையும், வாங்கிய டாக்டர் பட்டங்களையும் யார் கணக்கில் எழுதுவது?

நண்பரிடம், அந்த நான்கு வருடம் அந்தப் பெண் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று கேட்டீர்களா என்றேன். ஏதோ ரிசீவர் கட்டியதாகப் பயோடேட்டாவின் நான்காம் பக்கத்தில் இருந்ததாம். குழுவில் யாரும் அதுவரை புரட்டவில்லை.